நல்ல நாள் பெரிய நாள்: இங்கிலாந்திலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு விளக்கக் கடிதம்

உத்தமபாளையத்துப் பெரியப்பா அவர்களுக்கும் பெரியம்மா, அப்பத்தா ஆகியோருக்கும் எழுதுவது:

இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த கம்பம் பள்ளத்தாக்குக் குடும்பங்கள் நல்ல நாள் பெரிய நாளை எவ்வாறு கொண்டாடுகின்றன, அதற்கு எவ்வளவு செலவாகிறது, அந்தச் செலவுக்குத் தக்க சந்தோஷம் கிடைக்கிறதா என்று பெரியப்பா கேட்டிருக்கும் மூன்று கேள்விகளுக்கும் தொலைபேசியில் விடை சொல்வது, அப்பத்தா நடுநடுவே "சாப்ட்டீங்களாய்யா" என்று கேட்டுக்கொண்டிருப்பதால், இதுவரை இயலாமற்போயிற்று. ஆகவே குறுக்கீட்டுக்கு இடமில்லாத புத்தக நடையில் விடை இப்போது எழுதி அனுப்பப்படுகிறது.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பணத்தைவிட அதற்குத்தான் தட்டுப்பாடு அதிகம். இந்நாட்டின் பொது விடுமுறைகளுக்கு ‘வங்கி விடுமுறை’ என்று பெயர். 1871-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வங்கிகளை அடைப்பதற்கென்று குறித்த நாள்களில் மற்றவர்களும் மெல்ல ஒட்டிக்கொண்டதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் இவை வழக்கமாக ஆண்டுக்கு எட்டு. அந்த எட்டில் பொங்கலும் தீபாவளியும் இல்லை. மே மாதத்து முதல் திங்கள்கிழமை விடுமுறை வீரபாண்டித் திருவிழாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாலும், கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுக்கும் கூட்டத்தை எண்ணி அரசாங்கம் அதை விட்டிருப்பதாகத் தெரியவில்லை. பள்ளிக் கணக்கு இன்னும் நுட்பமானது. பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியின்றி ஐந்து நாள் அளவுக்குப் பிள்ளை வராமற்போனால் பெற்றோருக்கு அபராதம் விதிக்கலாம். 2024 ஆகஸ்டு முதல் அது பிள்ளை ஒன்றுக்கு, தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே 80 பவுண்டு, 21 நாளில் கட்டாவிட்டால் 160 பவுண்டு. சமயத் திருநாள் என்று முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு நாளுக்குப் பள்ளி இசைவு தருவதுண்டு என்றாலும், போகி, பெரும்பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என நான்கையும் இசைவு கேட்காமலே ஊர் முறைப்படி கொண்டாடிவிட்டு, மறுநாள் களைப்பில் எழுந்திருக்காத குடும்பம் சட்டத்தின் விளிம்பைத் தொட்டுவிடும்.

இந்த நெருக்கடிக்குள் பெரும்பொங்கல் எப்படி நடக்கிறது என்பதை விரிவாகவே சொல்லலாம். ஜனவரி நடுவில் லண்டன் வட்டாரத்தில் சூரியன் உதிக்கக் காலை எட்டு மணி ஆகிவிடுகிறது. பள்ளி வாயிலோ ஒன்பது மணிக்குள் சாத்தப்படுகிறது. ஆகவே சூரியனுக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட முக்கால் மணி நேரமே சூரியப் பொங்கலுக்கு வாய்த்த காலம். பெரும்பாலும் மேகம் மூடியிருப்பதால், கிழக்கு எது என்பதைக் கைப்பேசியின் திசைகாட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் ஊரில் பிற்பகல் ஒன்றரை மணி என்பதால், காணொளி அழைப்பில் ஆசி வழங்க வேண்டிய அப்பத்தா பொங்கலை உண்டு முடித்துப் பாயில் சாய்ந்திருப்பார்.

அடுத்த இடர்ப்பாடு அடுப்பு. மின்தூண்டல் அடுப்பு என்பது, நெருப்பே இல்லாமல் காந்தப் புலத்தால் பாத்திரத்தின் அடியை நேரடியாகச் சூடாக்கும் கருவியாகும். காந்தம் ஒட்டக்கூடிய இரும்பு, எஃகுப் பாத்திரங்களைத் தவிர வேறு எதையும் அது பாத்திரமாகவே மதிப்பதில்லை. எனவே சின்னமனூரில் பார்த்துப் பார்த்து வாங்கி, பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு வந்த வெண்கலப் பானை, மஞ்சள்கொத்துக்குப் பதிலாக இஞ்சியைக் கட்டிக்கொண்டு பூசை இடத்தில் கௌரவ விருந்தாளியாக அமர்ந்திருக்க, பொங்கல் ஓர் எஃகுச் சட்டியில் வேகிறது. பால் பொங்கி வழிந்து அடுப்பின் தொடுபலகையை நனைத்ததும், கருவி அதை விபத்து என்று கருதிக் கீச்சொலி எழுப்பித் தானாகவே அணைந்துவிடுகிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் இதையும் சடங்கின் ஓர் உறுப்பாக ஏற்றுக்கொண்டு, அடுப்பு கத்திய பிறகே "பொங்கலோ பொங்கல்" என்று தாங்களும் கத்துகின்றனர். இந்த ஏற்பாட்டின் செலவு ஒரு குவளைப் பச்சரிசி, கைப்பிடிப் பாசிப்பருப்பு, ஒரு கட்டி வெல்லம், கொஞ்சம் பால் ஆகியவற்றோடு முடிகிறது. முந்திய இரவே அரிசியை அளந்து வைப்பது, வெல்லத்தைத் துணியில் சுற்றித் தட்டுவது, சமையலறைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோலம் போடுவது ஆகிய மூன்றையும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் பெற்றோருக்கு மீந்திருக்கும் வேலை சட்டியைக் கிளறுவதும், மணியைப் பார்த்துப் பதறுவதும் மட்டுமே.

செலவு கூடுவது வேறிடத்தில். நேரம் கொடுக்க முடியாத குறையைப் பணம் கொடுத்து ஈடுகட்டும் முயற்சியில், மணிக்கணக்கில் வாடகை வாங்கும் மண்டபம், உணவகத்தில் சொல்லிவைத்த இலைச் சாப்பாடு, சிறுமிக்குப் புதுப் பட்டுப்பாவாடை என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டுப்பாவாடைக்கு மேல் பஞ்சு திணித்த குளிர்மேலங்கி ஒன்று கழுத்துவரை ஏறிவிடுவதால், அது சென்ற ஆண்டுப் பாவாடையா இந்த ஆண்டுப் பாவாடையா என்பது அணிந்தவளுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும் என்ற உண்மையைக் குடும்பங்கள் தாமதமாகத்தான் உணர்கின்றன.

மண்டபத்துக்கு மாற்றாக நிலைபெற்றுவரும் வழக்கம், பண்டிகையின் பெரிய பகுதியை அடுத்து வரும் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்து, நான்கைந்து குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் வீட்டில் கூடுவதாகும். வீட்டுக்கு ஒரு பண்டம் என்பது விதி. இங்குள்ளவர்கள் பாட்லக் என்று சொல்லும் இந்த முறை நம் பிள்ளைகளின் கூட்டாஞ்சோற்றுக்கு வயது வந்த வடிவம்தான். யார் எதைக் கொண்டுவருவது என்று முன்கூட்டிப் பேசிவைக்காவிட்டால், ஐந்து வீட்டிலிருந்தும் எலுமிச்சைச் சோறே வந்து சேரும் அபாயம் இதில் உண்டு. வேலை முடிந்து வந்து விரைவில் செய்யக்கூடியது அதுதான் என்ற முடிவுக்கு எல்லோரும் தனித்தனியாகவே வருகின்றனர். தமிழ்க் கடைகளில் துண்டு போட்டு விற்கும் கரும்பையும் இவ்வாறு கூட்டாக வாங்கிக் கணுக் கணுவாகப் பங்கிட்டுக்கொண்டால் கைக்கு அடக்கமாக இருக்கிறது. நாளைத் தள்ளிவைப்பது தெய்வக் குற்றமாகுமா என்று அப்பத்தா கேட்கக்கூடும். தை மாதத்துக்கு இருபத்தொன்பது அல்லது முப்பது நாள் இருப்பதால் அடுத்து வரும் சனிக்கிழமை எப்படியும் தைக்குள்தான் விழுகிறது என்பதே இதற்கு இங்கு வழங்கும் சாத்திரம்.

போகிக்கு மட்டும் செலவே இல்லை. அதற்குக் காரணம் ஆங்கிலேயர்கள். கிறிஸ்துமசுக்காக வீட்டுக்குள் நட்டுவைத்த ஊசியிலை மரத்தை ஜனவரி 6-ஆம் தேதிக்குள் வெளியேற்றாவிட்டால் ஆகாது என்பது இவர்களின் நம்பிக்கை. வெளியேற்றிய மரங்களை உள்ளாட்சி மன்றங்கள் அடுத்த சில நாள்களில் வந்து அள்ளிச் செல்லும்வரை அவை தெருவோரத்தில் கிடக்கின்றன. சரியாகப் போகியை ஒட்டி ஊரே பழையதைத் தூக்கித் தெருவில் போடுவதைக் காணும் பள்ளத்தாக்குப் பிள்ளைகள், வெள்ளைக்காரர்களும் போகி கொண்டாடுகிறார்கள், கொளுத்தத்தான் தைரியம் இல்லை என்று முடிவு கட்டியிருக்கின்றனர். காப்புக் கட்டுவதற்குச் சிறுபீளையும் ஆவாரம்பூவும் கிடைப்பதில்லை. குளிரிலும் பச்சை மாறாத ஐவிக்கொடியை ஒரு கைப்பிடி ஒடித்து வாசலில் செருகுவதோடு சரி.

மாட்டுப் பொங்கலன்று கம்பத்துத் தம்பிரான் மாட்டுத் தொழுவுக்கு மக்கள் திரண்டுபோய்ப் பட்டத்துக்காளையைக் கும்பிடுவதையும், அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி வாடிவாசல்களையும் பற்றிக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, மாடு என்பது பால் டப்பாவின் மேல் அச்சடித்த படமாகவே நின்றுவிடக் கூடாது. இதற்கு லண்டன் மாநகருக்குள்ளேயே நுழைவுக் கட்டணம் இல்லாத நகரப் பண்ணைகள் உள்ளன. கிழக்குப் பகுதியில் மட்ஷூட் பண்ணை, ஹாக்னி நகரப் பண்ணை ஆகியவை அவற்றுள் சில. கால்நடைகளைத் தொலைவில் நின்று கும்பிடுவதற்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கொம்புக்கு வண்ணம் பூசுவது, சர்க்கரைப் பொங்கல் ஊட்டுவது ஆகியவற்றுக்குப் பண்ணைக்காரர்களின் ஒத்துழைப்பை எதிர்பார்ப்பதற்கில்லை.

தீபாவளியைப் பொறுத்தவரை சட்டம் வடநாட்டார் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2004-ஆம் ஆண்டின் வாணவேடிக்கை விதிகள் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை வெடிப்பதைத் தடை செய்துவிட்டு, தீபாவளி இரவுக்கு மட்டும் சலுகையாக 1 மணி வரை நீட்டித்துத் தருகின்றன. விடியற்காலை நான்கு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து முதல் வெடியைக் கொளுத்தும் தமிழன் குற்றவாளியாகிவிடுகிறான். ஆகவே எண்ணெய்க் குளியலும் இட்லியும் விடியலில், மத்தாப்பு மாலையில் என்று பிரித்துக்கொள்கின்றனர். வெடிச் செலவை அறவே ஒழிக்க நினைப்பவர்களுக்கு நவம்பர் 5 கைகொடுக்கிறது. 1605-இல் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க முயன்று பிடிபட்ட கை ஃபாக்ஸ் என்பவரின் தோல்வியை நினைத்து நாடெங்கும் அன்று வாணவேடிக்கை நடக்கிறது. கட்டணம் வைத்து நடத்தும் இடங்களிலும், வேலிக்கு வெளியே மேடான தெருவில் நின்றால் வானம் இலவசமாகத்தான் தெரிகிறது. ஒருவன் ஒழிந்ததற்காக ஊரே வெடிப்பது என்ற அடிப்படை நரகாசுரன் கதையோடு ஒத்துப்போவதால், பிள்ளைகளுக்கு இதை இரண்டாம் தீபாவளி என்று சொல்லிக்கொடுப்பதில் சிக்கல் எழுவதில்லை.

பண்டிகை இசைக்கும் தனிச் செலவு கிடையாது, ஊர்க்காரர் ஒருவரின் பாட்டே போதும். 2025 மார்ச் 8 அன்று பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோது பள்ளத்தாக்குக்காரர்களின் நடையிலேயே ஒரு மிடுக்கு ஏறியிருந்தது. நுழைவுச்சீட்டு வாங்காதவர்களின் நடையிலும் அது ஏறியிருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

எல்லாவற்றிலும் மலிவானதும், கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் மட்டுமே முழு உரிமை கொண்டாடக்கூடியதுமான பண்டிகைப் பயணம் ஒன்று உண்டு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே ஓடிய நீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15. பொங்கலும் அதே 14, 15 தேதிகளில்தான் வருகிறது. 1895-இல் திறந்த அந்த அணையின் நீரால் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவதையும், பாலார்பட்டியில் அவருக்கென்று பொங்கல் வைப்பதையும், லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் எழுந்ததையும், தேனிப் பேருந்து நிலையமே அவர் பெயரைத் தாங்கியிருப்பதையும் பெரியப்பாவுக்கு எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆனால் அவர் இறுதிக்காலத்தைக் கழித்து 1911-இல் இறந்த கேம்பர்லி நகரம் லண்டனுக்குத் தென்மேற்கே அரைநாள் பயணத்தில் போய்வரக்கூடிய தொலைவில் இருப்பதும், தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 10 அன்று அங்கே அவருக்குச் சிலை திறந்திருப்பதும், அவருடைய கல்லறை அடுத்த ரயில் நிலையமான ஃபிரிம்லியின் புனித பேதுரு தேவாலய வளாகத்தில் இருப்பதும் இங்குள்ள பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகச் சொல்லப்பட வேண்டியவை.

பொங்கலை ஒட்டிய சனிக்கிழமையில், சூடு ஆறாத தூக்கில் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு, வாட்டர்லூ நிலையத்திலிருந்து பெரும்பாலும் ஒரு வண்டி மாறி ஏறிக் கேம்பர்லிக்குப் போய்வருவதற்கு ரயில் கட்டணம் தவிர வேறு செலவில்லை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை, பதினைந்து வயது வரை பாதிக் கட்டணம். தேனிப் பக்கத்து வீடுகளில் சாமிப் படங்களுக்கு நடுவே மாட்டியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர், அவருடைய சொந்த நாட்டில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சிலையாக நிற்பதையும், அவருக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம் குளிரில் நடுங்கிக்கொண்டு தூக்கைத் திறப்பதையும் கேம்பர்லிக்காரர்கள் நாகரிகமாகப் பார்க்காததுபோல் கடந்துசெல்வர். படைத்த பொங்கலை அங்கேயே வைத்துவிட்டு வராமல், பறவைகள் இறங்குவதற்குள் பிள்ளைகள் உண்டு முடிப்பது எல்லா வகையிலும் நல்லது. தாத்தா வீட்டு வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் ஏழு வயதுப் பிள்ளையைத் தானாகவே கேட்கவைக்கும் வாய்ப்பு, மண்டப வாடகை கட்டிய எந்த விழாவிலும் அமைவதில்லை.

இனி, ஊரிலிருந்து வருபவர்கள் கொண்டுவரக்கூடியவை பற்றி. இந்தியாவிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவருவதற்கு இந்நாட்டில் தடை இருப்பதால், பெரியம்மா உருக்கி ஊற்றித் தரும் நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்தைத் தாண்டமாட்டா. தாவர நலச் சான்றிதழ் இல்லாத கறிவேப்பிலை, மாவிலை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர்த் திராட்சை ஆகியவற்றுக்கும் இதே கதி. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆகவே அடுத்து வருபவரின் பெட்டியில் நெய் டப்பாவுக்கு ஒதுக்கிய இடத்தில் கொஞ்சம் முறுக்கும், எடையே தெரியாத போடி ஏலக்காயும் வைத்து அனுப்பினால் போதுமானது. ஏலக்காயில் எட்டு மில்லிமீட்டர் ரகம் வேண்டாம், விலை கட்டுப்படியாகாது. சிறுகாயே போதும், இங்கே எப்படியும் இடித்துத்தான் போடுகிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் தம்பி மகன் குடும்பத்தார்