ஊசி போட்ட பிறகு

1980-களில் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இரவு வேலை பார்த்த எந்த நர்ஸிடமும் 'டெரி டெக்கா' என்று சொல்லிப் பாருங்கள், விளக்கம் கேட்க மாட்டார். டெரிஃபிலின் ஒரு ஆம்பூல், டெக்ஸாமெத்தசோன் ஒரு ஊசி. இழுப்போடு யார் வந்தாலும் கேஷுவாலிட்டியில் முதலில் ஏறுவது அந்த ஜோடிதான். கோவைப் பக்கத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அதற்கும் மூத்த அமினோஃபிலின் இன்னும் புழக்கத்தில் இருந்தது. ஒரு ஆம்பூலில் 10 மில்லி, 250 மில்லிகிராம். குளுக்கோஸில் கலந்து, இருபது நிமிஷமாவது எடுத்துக்கொண்டு நரம்பில் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் படபடப்பும் வாந்தியும் வரும். இன்னும் வேகமாகப் போனால் வலிப்பே வரும். கண்ணாடி சிரிஞ்சின் தண்டை மயிரிழை மயிரிழையாகத் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் நாடியைப் பிடித்தபடி, நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மூச்சுத்திணறல் எப்படி இருக்கும் என்று நான் கற்றது அந்த இருபது நிமிஷங்களில்தான். கட்டில் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். படுக்கச் சொன்னால் பயந்துபோய்த் தலையாட்டுவார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போகும், தோள் மேலே ஏறும். எங்கள் ஹெட் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். "எந்த ஊருங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுங்க?" என்று கேட்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தால் நேரம் இருக்கிறது. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் டாக்டரை எழுப்ப வேண்டும். அதற்கும் மேலே ஒன்றை அவர் எங்கள் மனதில் ஆணியடித்து வைத்தார்: இழுப்புச் சத்தம் திடீரென்று நின்றுபோய், ஆளும் அசந்து கண் சொருகினால், அது குணம் இல்லை. சத்தம் வருவதற்குக் கூடக் காற்று ஓட வேண்டும். சத்தமில்லாத நெஞ்சில் காற்றே ஓடவில்லை. வீட்டார் அதைப் பார்த்து, "இப்பத்தான் சாமி கொஞ்சம் அடங்கி இருக்குது" என்பார்கள். நாங்கள் ஓடுவோம்.

பெரும்பாலும் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குத்தான் வருவார்கள். ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழல் பின்னிரவில்தான் அதிகம் குறுகும். உடம்பே சுரக்கிற, வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசோலும் இரவில்தான் குறைந்து கிடக்கும். மார்கழிப் பனி பிடித்துவிட்டால் பெஞ்சில் இடம் இருக்காது. பொழுது விடியும்போது முக்கால்வாசிப் பேர் ஊசி போட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள்.

எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் அந்த முதல் பஸ்ஸைப் பற்றியது. ஊசி போட்ட பிறகு என்ன என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதே ஆட்கள் அடுத்த வாரமும் வந்தார்கள். மூச்சுக்குழலின் உட்சுவர் வீங்கிக் கிடப்பது ஆஸ்துமாவின் அடிப்படை. இழுப்பு இல்லாத நாளிலும் அந்த வீக்கம் உள்ளே இருக்கும். அதை அடக்க தினமும் உறிஞ்சுகிற ஸ்டீராய்டு மருந்து, பெக்லோமெத்தசோன், 1972-லேயே உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. மூச்சுக்குழலை உடனே விரிக்கும் சால்பியூட்டமால் வந்தது 1969-ல்; அழுத்தி உறிஞ்சும் இன்ஹேலர் என்ற கருவியோ அமெரிக்காவில் 1956-லேயே வந்தாயிற்று. எங்கள் வார்டில் அவற்றின் நிழல்கூட இல்லை. இழுப்பு தாளாமல் ஜூன் மாதத்தில் ஆஸ்துமாவுக்கென்று தரும் விரால் மீன் மருந்துக்கு ஐதராபாத் ரயில் ஏறியவர்களைப் படித்தவர்கள் திட்டினார்கள். என்னால் திட்ட முடிந்ததில்லை. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவில் இருக்கிற நாட்களுக்கு நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லையே. பெண்பிள்ளைக்கு இழுப்பு என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று, அதை 'ஈஸ்னோஃபீலியா' என்றே சொல்லிவைத்த குடும்பங்களும் உண்டு. அப்படி மறைத்த பிள்ளைகள் மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட்டார்கள், பல நாள் சாப்பிடாமலே விட்டார்கள்.

கோவை என்றால் பஞ்சாலையைச் சொல்லாமல் முடியாது. ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்தவர்கள் எங்களிடம் வருவார்கள். பஞ்சுத் தூசி அதிகம் பறப்பது அந்த இரண்டு இடங்களில். ஒரு பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வார லீவு முடிஞ்சு போற அன்னிக்குத்தானுங்க நெஞ்சைப் புடிக்குது. மறுநா கொஞ்சம் பரவாயில்லீங்க." லங்காஷைர் பஞ்சாலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் 1950-களில் படிப்படியாக வகைப்படுத்திய பிஸ்ஸினோசிஸ் நோயின் முதல் படி அட்சரம் பிசகாமல் இதுதான். லீவுக்கு அடுத்த நாள் மட்டும் வருகிற இறுக்கம், பிறகு வாரம் முழுக்க வரும். கடைசியில் வேலையை விட்டு நின்றாலும் போகாது. முதல் படியில் தூசியிலிருந்து ஆளை நகர்த்தினால் நுரையீரலைக் காப்பாற்றலாம். இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இதைத் தொழில்நோய் என்று ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பெரியவரின் சீட்டில் எழுதப்பட்டது 'பீடி, இருமல்' என்ற இரண்டே சொற்கள். அவர் பீடி குடித்ததும் உண்மைதான். ஆலையில் முப்பது வருஷம் பஞ்சை மூச்சில் இழுத்ததும் உண்மை. சீட்டில் ஒரு உண்மைக்குத்தான் இடம் கிடைத்தது.

இப்போது காலம் நிறைய மாறியிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்து ஊர்களில் இன்ஹேலர் பிடிக்கக் கற்றுத்தருகிறேன். அதனால் மாற்றத்தைக் கண்ணால் பார்க்கிறேன். நீலநிற இன்ஹேலர் இல்லாத மருந்துக்கடை இல்லை. ஸ்டீராய்டும் மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தும் சேர்ந்த இன்ஹேலர்களை இங்கேயே தயாரிக்கிறார்கள். இழுப்பால் பள்ளிக்கூடம் போகாமல் நின்ற அந்தத் தலைமுறைக் குழந்தைகளின் பேரப்பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள். இதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஆனால் பயம் போகவில்லை. "ஏனுங்க சிஸ்டர், இதைப் புடிச்சா அப்புறம் விடவே முடியாதாமே, நெசமுங்களா?" என்ற கேள்வி எல்லா ஊரிலும் வரும். நான் கணக்குப் போட்டுக் காட்டுவேன். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்து 100 மைக்ரோகிராம். மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கையை நடுங்கவைத்து, இதயத்தைப் படபடக்கவைத்துவிட்டு நுரையீரலுக்கு வந்து சேரும். இன்ஹேலர் மருந்து நாற்பதில் ஒரு பங்கு அளவில் நேராக அங்கேயே போய்விடும். எது கடுமையான மருந்து என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கணக்கு புரிந்தாலும் கை பழக வேண்டும். பொடி அடைத்த மாத்திரையை ரோட்டாஹேலர் கருவியில் போட்டு உறிஞ்சாமல் தண்ணீரோடு விழுங்கிய பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். யாரும் காட்டித்தராதபோது மாத்திரையை வேறு என்ன செய்வார்கள்? ஸ்ப்ரே வகை என்றால் குலுக்க வேண்டும், முதலில் மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும், உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும், பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். பெரும்பாலோர் அழுத்திவிட்டுப் பிறகு இழுப்பார்கள். மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். அதற்கு, இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கிற குடுவையான ஸ்பேசர் கைகொடுக்கும். அதை வாங்க முடியாத வீட்டில் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் நுழையும் அளவுக்குத் துளை போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவில் ஹெதர் சார் குழுவினர் குழந்தைகளிடம் இதைச் சோதித்து 1999-ல் லான்செட் இதழில் எழுதினார்கள்; கடை ஸ்பேசருக்கு அது இளைக்கவில்லை. ஸ்டீராய்டு உறிஞ்சிய பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். இத்தனையும் சொல்லித்தர ஐந்து நிமிஷம் ஆகும். ஓ.பி. வரிசையில் அந்த ஐந்து நிமிஷம் யாருக்கும் கிடைப்பதில்லை.

அந்த டெரி டெக்காவின் இடத்தில் இன்று நெபுலைசர் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு வாங்கி வைத்திருக்கிறார்கள். திணறல் வந்ததும் அதன் மருந்துப் புகையை இழுத்துக்கொள்கிறார்கள், அடங்கியதும் மூடி வைக்கிறார்கள். உள்ளே வீக்கம் அப்படியே கிடக்கிறது. பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட அறிக்கையில், இறந்தவர்களில் சால்பியூட்டமால் போன்ற நிவாரண இன்ஹேலர் வைத்திருந்த 100-க்கு 39 பேர், இறப்பதற்கு முந்தைய ஒரே வருஷத்தில் பன்னிரண்டுக்கும் மேல் அதை வாங்கியிருந்தார்கள். 2019-ல் உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள், ஸ்டீராய்டும் சேர்ந்தே போக வேண்டும் என்று மாற்றி எழுதியது. இந்தச் செய்தி நெபுலைசர் விற்ற வேகத்தில் ஊருக்குள் வரவில்லை.

மருந்து கிடக்கட்டும், மூச்சை அளப்பதற்கு வருவோம். பி.பி. பார்க்கும் பட்டையை ரீவா-ரோச்சி கண்டுபிடித்தது 1896-ல். மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரை ஜான் ஹட்சின்சன் அதற்கு ஐம்பது வருஷம் முன்னால், 1846-லேயே செய்துவிட்டார். இன்று பி.பி. எவ்வளவு, சுகர் எவ்வளவு என்று திண்ணையில் உட்கார்ந்தே சொல்கிறோம். ஒரே மூச்சில் எவ்வளவு ஊதுவீர்கள் என்று கேட்டால் பதில் தெரியாது. முழு மூச்சையும் ஊதினால், அதில் முதல் ஒரு விநாடியில் வருவது எத்தனை பங்கு என்பதுதான் சோதனையே. குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நாள்பட்ட மூச்சடைப்பு நோயான சி.ஓ.பி.டி. என்று நினைக்க வேண்டும். மருந்துக்கு நன்றாக ஏறி, இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக மாறினால் ஆஸ்துமா பக்கம் போக வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்காமல் வைத்தியம் செய்வது இருட்டில் தடவுவதுதான். 2016 கணக்குப்படி இந்தியாவில் சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் சுமார் 5.5 கோடிப் பேர்.

கொரோனாவுக்குப் பிறகு ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரும் வீட்டுக்கு வந்துவிட்டது. தாத்தாவின் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்த பேரன், 90 என்று பதறி, குமிழை முழுக்கத் திருகிவிடுகிறான். அன்பால் செய்வதுதான், ஆனால் ஆபத்து. சி.ஓ.பி.டி. முற்றியவர்களுக்கு ஆக்ஸிஜன் அளவு மீறினால் கரியமில வாயு ரத்தத்தில் தேங்கி, மயக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அவர்களுக்கு 88-லிருந்து 92 இருந்தால் போதும். அந்தப் பேரனிடம் இதைத் தாளில் எழுதிக் கருவிமேல் ஒட்டச் சொல்வேன். தாத்தாவுக்கு, சூடான காப்பியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடக் கற்றுத்தருவேன். மாடிப்படி ஏறும்போது அது நன்றாகவே உதவும்.

இன்னும் சரியாகக் கவனிக்கப்படாதவர்கள் வயதான பெண்கள். அந்தக் காலத்தில் இருமிக்கொண்டு வந்த பெண்ணுக்குச் சளிப் பரிசோதனை திரும்பத் திரும்பச் செய்வார்கள். கிருமி இல்லாவிட்டாலும் டி.பி. மாத்திரை கொடுத்து அனுப்பிய இடங்கள் உண்டு. பீடி குடிக்காதவளுக்கு நுரையீரல் எப்படிக் கெடும் என்ற எண்ணம்தான் காரணம். 2000-களின் பிற்பகுதியில் தமிழக அரசு கொடுத்த இலவச எரிவாயு அடுப்பும், 2016-ல் தொடங்கிய உஜ்வாலா எரிவாயுத் திட்டமும் விறகடுப்புப் புகையைக் குறைத்தது பெரிய நன்மை. ஆனால் அதற்கு முன்னால் உள்ளே போன புகை எங்கும் போய்விடவில்லை. அறுபது தாண்டிய பெண்ணின் சீட்டில் இன்றும் 'புகைப்பழக்கம் இல்லை' என்று எழுதி, 'வயசாகிவிட்டது' என்று அனுப்புகிறார்கள். அடுப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், அவர்களே எல்லாம் சொல்வார்கள். எட்டு வயதில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தது, பருத்திமாரும் தென்னமட்டையும் எரித்தது, ஐப்பசி மழையில் ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெரிந்தது, தை மாசத்தில் மஞ்சள் வேகவைத்தது, கொப்பரைப் பக்கத்தில் நின்று கரும்புச் சக்கையைத் தள்ளித் தள்ளி வெல்லம் காய்ச்சியது. "எத்தனை வருஷம் ஆத்தா?" என்று கேட்டேன் ஒருவரிடம். "அட, கல்யாணத்துக்கு முந்தியிருந்து எம் பேத்தி காலேஜ் போற வரைக்கும் கண்ணு" என்றார். அதை அப்படியே எழுதி, ஸ்பைரோமெட்ரி எடுக்கச் சொல்லி, அவர் மருமகள் கையில் கொடுத்தனுப்பினேன்.