ரத்தம் எங்கே போகிறது?

கேள்வி: ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று தெரிவதற்கு முன்னால், அது எங்கே போகிறது என்று நினைத்தார்கள்?

பதில்: எங்கேயும் போகவில்லை, செலவாகிவிடுகிறது என்று நினைத்தார்கள்! சாப்பிட்டதைக் கல்லீரல் ரத்தமாக்கும், உறுப்புகள் அதைத் தீர்த்துவிடும் என்றார் கிரேக்க மருத்துவர் கேலன். ஐரோப்பா ஆயிரம் வருடங்களுக்கு மேல் தலையாட்டியது.

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி கணக்குப் போட்டார். இன்றைய அளவில் சொன்னால், இதயம் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் ரத்தம் சுமார் 70 மில்லி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே அவ்வளவுதான். நிமிடத்துக்கு நிமிடம் புதிதாகத் தயாரிப்பதென்றால், இட்லிக் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கவே முடியாது! ஆக, போன ரத்தமே திரும்புகிறது: வலது இதயத்திலிருந்து நுரையீரலுக்கு, அங்கிருந்து இடது இதயத்துக்கு, பிறகு உடம்பெங்கும், மறுபடி வலது பக்கம். இதை 1628-இல் புத்தகமாக எழுதினார்.

தமனியிலிருந்து சிரைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. அந்த வழியான தந்துகிகள் என்ற நுண்ணிய ரத்தக் குழாய்களை 1661-இல் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வைத்துக் காட்டியவர் இத்தாலியின் மால்பிகி.

புத்தகம் வந்தபின் ஹார்வியிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்களாம். ரத்தம் திரும்பி வரும் என்று நிரூபித்தவரிடம் நோயாளிகள் திரும்பி வரவில்லை!