அன்று ஏளனம், இன்று ஏலம்

ஹூஸ்டனில் பழைய பிக்கப் வைத்திருக்கும் இளைஞர்கள் இப்போது 'டர்போ 400' என்ற ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அப்படி ஒரு பயபக்தி. நான் இந்த ஊருக்கு வந்த 1980களில் அதே பெட்டிக்கு ஸ்லஷ்பாக்ஸ் என்றுதான் பெயர். பெட்ரோல் குடிக்கும், சூடாகும், சோம்பேறிகளுக்கும் பெண்களுக்கும்தான் லாயக்கு என்று கிளட்ச் மிதித்து வளர்ந்த ஆண்கள் தீர்ப்பு எழுதிவிட்டிருந்தார்கள். அவர்களுடைய பேரன்மார்தான் இன்று அந்தப் பெட்டிக்கு ஏலத்தில் விலை ஏற்றுகிறார்கள்.

நானும் தீர்ப்பு எழுதிய கட்சியைச் சேர்ந்தவன்தான். சங்ககிரியில் லாரி வைத்திருந்த வீடு எங்களுடையது. டபுள் கிளட்ச் போட்டுக் கியர் மாற்றும்போது வருகிற சத்தத்தை வைத்தே அப்பா டிரைவரை எடைபோடுவார். பல் கடித்தால் அந்த ஆளுக்கு அடுத்த லோடு கிடையாது. அந்த வீட்டிலிருந்து எண்ணெய்க் கிணற்றுக் கருவி செய்யும் வேலைக்கு இங்கே வந்தேன். 1986இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. ஊரில் ஏராளமானோருக்கு வேலை போனது. தெருவுக்குத் தெரு பிக்கப்புகள் 'விற்பனைக்கு' அட்டை மாட்டி நின்றன. அதில் எனக்குக் கட்டுப்படியானது ஒரு செவர்லே சி-20. உள்ளே இரண்டே பெடல்.

ஒரு கோடையில் அப்பா வந்தார். வண்டியில் ஏறியதும் குனிந்து தரையைப் பார்த்தார்.

"கிளட்ச் எங்கடா?"

"கிடையாதுங்கப்பா. கியர் தானா மாறிக்கும்."

கால்வெஸ்டன் போய்த் திரும்பும்வரை ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது, "இது வண்டியாடா? ஊஞ்சல்" என்றார். பாராட்டா, வசவா என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. ஊரில் போய் அமெரிக்காவைப் பற்றி எவ்வளவோ அளந்தவர், அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை என்று அம்மா சொன்னாள்.

உண்மையில் அது வசவுக்குரிய பெட்டியே அல்ல. கிளட்ச் பெடலே இல்லாத ஹைட்ராமேட்டிக்கை ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் போட்டது. அந்த வம்சத்தில் 1964இல் வந்தது டர்போ ஹைட்ராமேட்டிக் 400. முதலில் கேடிலாக்கில் உட்கார்ந்தது. பிறகு ரோல்ஸ்ராய்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டது. 1976இல் ஃபெராரியே தன் 400 ஆட்டோமேட்டிக் காரில் பொருத்தியது. ராணுவத்து ஹம்வீயிலும் இதே குடும்பம்தான். நானோ அதே பெட்டியை வைத்துக்கொண்டு பேர்லாண்டு மீனாட்சி கோயிலுக்கு அரிசி மூட்டை இழுத்துக்கொண்டிருந்தேன். ஃபெராரிக்காரருக்கு இது தெரிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார். என் வண்டி பின்பக்கம் தாழ்ந்து நிற்கும்போதும் கியர் மாறுவது தெரியாது.

அடியில் படுத்துப் பார்த்தால் எந்தப் பெட்டி என்று ஆயில் பானின் வடிவமே சொல்லிவிடும். 400இன் பான் கோணல்மாணலாக, டெக்சாஸ் மாநில வரைபடத்தைப் போல இருக்கும். அதே வம்சத்து 350 என்றால் சதுரத்தில் ஒரு மூலையை வெட்டியது. இரண்டுக்கும் 13 போல்ட். பெரும்பாலான பழைய பான்களில் வடிகால் திருகு கிடையாது. அதை வடிவமைத்த இன்ஜினியர் ஒருநாளும் வண்டிக்கடியில் படுத்திருக்க மாட்டார் என்பது என் துணிபு. ஒரு பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றி, மறுபக்கத்தைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். சிவப்பு எண்ணெய் தட்டில் விழுவதற்கு முன் முழங்கை வழியாக அக்குளுக்குள் இறங்கும். பானின் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை ஒட்டியிருந்தால் கவலையில்லை, அது தேய்மானம். பித்தளைத் துகள் மினுங்கினால் பர்ஸைத் தேடலாம். எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து முகர வேண்டும். கருகிய வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தீய்ந்துவிட்டன. இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், மூக்குப் போதும்.

அந்த எண்ணெய்க்கும் ஒரு கதை உண்டு. 1970களின் தொடக்கம்வரை ஆட்டோமேட்டிக் எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். தட்டுகள் வெடுக்கென்று பிடிக்காமல் மெத்தென்று பிடிக்க அது தேவைப்பட்டது. திமிங்கிலத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததும் வேதியியல்காரர்கள் மாற்று தேடி ஓடினார்கள். நல்லவேளை, நான் வந்தபோது அது முடிந்துபோயிருந்தது. கோயில் அரிசியைத் திமிங்கிலத்தின் தயவில் கொண்டுபோனேன் என்று மாமியாருக்குத் தெரிந்திருந்தால் வண்டியையே தீட்டு கழித்திருப்பார்.

1982இல் அதே கம்பெனியின் 700ஆர்4 பெட்டி வந்தது. நான்கு கியர். முதல் கியர் 3.06, ஓவர்டிரைவ் 0.70. நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்தாது, பெட்ரோல் மிச்சம். ஆனால் அதுவரை திட்டு வாங்கிவந்த 400 ஒரே இரவில் 'அந்தக் காலத்து உருப்படி' ஆனது. திட்டுகளெல்லாம் 700க்கு மாறின. முதல் சில வருடத்துப் பெட்டிகள் திட்டுக்குத் தகுந்தவைதான். மீதிப் பழி ஒரு கேபிளினால் வந்தது. கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் டி.வி. (த்ராட்டில் வால்வ்) கேபிள் அது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று உள்ளே சொல்வது அதுதான். அந்தச் செய்தியைப் பொறுத்துத்தான் எண்ணெயின் அழுத்தம் ஏறும். 350 பெட்டியில் இதே மாதிரி தோற்றத்தில் ஒரு கேபிள் உண்டு. அது வேகமெடுக்கக் கீழ்க்கியருக்கு இறக்க மட்டும், அறுந்தாலும் வண்டி ஓடும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக் கழற்றி விட்டவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் தட்டுகளைக் கருக்கினார்கள். இத்தனைக்கும் சரிசெய்வது ஒரு நிமிட வேலை. சின்னப் பொத்தானை அழுத்திக் கேபிள் உறையைப் பின்னுக்குத் தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்தால் கரகரவென்று தானே தன் இடத்தில் போய் நிற்கும்.

பெட்டியைப் பிரிக்க வேண்டி வந்தால் நாங்கள் போனது ஒரு மெக்சிகோக்காரரின் ஷெட்டுக்கு. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் வெயில். பெட்டியை நட்டுக்குத்தாக நிறுத்தி, பம்பை உருவி, தட்டுகளை வரிசை மாறாமல் மேஜையில் அடுக்குவார். உராய்வுத் தட்டு ஒன்று, இரும்புத் தட்டு ஒன்று, மறுபடி உராய்வு. புதுத் தட்டுகளை முதல்நாளே எண்ணெயில் ஊறப்போட்டுவிடுவார். ஊறாமல் மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே தீய்ந்துவிடும். வால்வ் பாடியின் பள்ளங்களில் குட்டிக் குட்டி உருண்டைகள் உட்கார வேண்டும். கவிழ்த்து மாட்டும்போது கொட்டாமலிருக்க வாஸ்லினைத் தடவி ஒட்டவைப்பார். கிரீஸ் தடவிய கற்றுக்குட்டி ஒருவனுக்கு விழுந்த ஸ்பானிஷ் அர்ச்சனை இன்னும் காதில் இருக்கிறது. கிரீஸ் கரையாது, நூல் மாதிரி மெல்லிய எண்ணெய் வழிகளை அடைத்துவிடும். வாஸ்லின் சூட்டில் கரைந்து எண்ணெயோடு போய்விடும். கடைசியில் ஒவ்வொரு துளையிலும் காற்றடிப்பார். 'டப்' என்று கேட்டால் கிளட்ச் பிடிக்கிறது. 'புஸ்' என்றால் சீல் கிழிந்திருக்கிறது, மறுபடி எல்லாம் வெளியே.

இப்போது அவர் மகன் கடை நடத்துகிறார். ஏசி போட்ட கூடம், வாடிக்கையாளருக்குக் காபி. அப்பா முகர்ந்து சொன்னதை மகன் லேப்டாப்பைச் செருகிச் சொல்கிறார். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய 10 கியர் பெட்டி, 2017இலிருந்து எஃப்-150இல் வருகிறது. பல புது வண்டிகளில் டிப்ஸ்டிக்கே இல்லை. எண்ணெய் அளவு பார்க்க, பெட்டியின் சூட்டைக் கணினியில் படித்து, அடியிலிருக்கும் திருகைக் கழற்ற வேண்டும். கெட்டுப்போனால் பிரிக்கிற பேச்சு குறைவு, முழுசாகக் கழற்றி வேறு பெட்டி மாட்டுகிறார்கள். நியாயமாகச் சொன்னால், மிதித்த மிதிக்கு இந்தப் பெட்டி கொடுக்கிற இழுவையும் மைலேஜும் என் 400க்குக் கனவிலும் வராது. கிளட்ச் பெடலோ, பெரிய பிக்கப்புகளில் ராம் கம்பெனி மட்டும் கட்டிக்காத்து வந்தது. 2018 மாடலோடு அதுவும் கைவிட்டது. அதுவரை மேனுவல் வண்டி பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் அன்று விட்ட பெருமூச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

சங்ககிரியும் சும்மா இல்லை. தங்கை மகன் ஏஎம்டி லாரி எடுத்திருக்கிறான். கிளட்ச் உண்டு, மிதிக்கக் கால்தான் வேண்டாம். "டிராபிக்ல மிதிச்சு மிதிச்சு முழங்காலே போயிருதுங் மாமா. இந்த வண்டின்னாத்தான் டிரைவருங்க வரவே வர்றாங்க" என்கிறான். கியர் சத்தத்தைக் கேட்டு ஆளை எடைபோட்ட வாசலில் இப்போது அந்தச் சத்தமே இல்லை.

10 கியர் பெட்டியை இன்று எல்லோரும் திட்டுகிறார்கள். கணினி, சிக்கல், கையால் தொட முடியாது என்கிறார்கள். 1990களில் கணினி ஏறிய 4எல்80இயையும் இப்படித்தான் திட்டினோம். அதுவும் 400இன் பிள்ளைதான். என் பக்கத்து வீட்டுப் பையன் இன்று அந்த 4எல்80இயைத்தான் "சிம்பிளான பெட்டி அங்கிள், அந்தக் காலத்து உழைப்பு" என்று தேடிக்கொண்டிருக்கிறான்.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு: கனமாக இழுப்பவர் 400ஐ எடுங்கள். நெடுந்தூரம் ஓடுபவர் 700ஆர்4 எடுங்கள், 1987க்குப் பிந்தையதாக இருக்கட்டும். எதை எடுத்தாலும் ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஓர் எண்ணெய்க் கூலர் மாட்டுங்கள், இந்தப் பெட்டிகளுக்குச் சூடுதான் எமன். பணம் கொடுக்குமுன் இன்ஜினைச் சூடாக்கி, ஓடவிட்டபடியே டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பழைய கிரைஸ்லர் என்றால் மட்டும் பார்க்கில் வேண்டாம், நியூட்ரலில் போட்டுப் பாருங்கள். கருகிய வாடை அடித்தால், பெட்டி பிரிக்கிற செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.