சோதனைக்கு வருகிறார்களா? வரட்டும்!

நிறுவனங்களே, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி சோதனைக்கு வந்தால் பதறாதீர்கள். 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம், 23ஆம் பிரிவு, அவர் எந்நேரமும் உள்ளே வரலாம் என்கிறது. தாராளமாக விடுங்கள். முதலில் கேட்டில் பெயர், வண்டி எண், வந்த நேரம் எழுதட்டும். அப்புறம் ஹெல்மெட். அப்புறம் பாதுகாப்பு விளக்கப் படம், முழுவதும். பிறகு முந்திரி பக்கோடா. சாவி வைத்திருப்பவர் அன்று லீவில் இருப்பது உத்தமம். நீர் மாதிரிக்காக அதிகாரி பாட்டிலை எடுத்தால், முகப்புப் பூந்தோட்டத்தைக் காட்டுங்கள். எண்ணெய் தென்பட்டால் வெள்ளத்தைக் கைகாட்டுங்கள். வெள்ளம் மறுப்பறிக்கை விடாது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. கேட் பாஸ் வாங்கவில்லை. நெட்டுக்குப்பம் வரை படகு, வலை, கை, கால் எல்லாவற்றிலும் மாதிரி தானாகவே ஒட்டிக்கொண்டது. பாட்டில் போதாமல் மீனவர்கள் பக்கெட்டில் அள்ளினார்கள். இவ்வளவு விரிவான சோதனையை எந்த வாரியமும் நடத்தியதில்லை.

அறிக்கையில் கையெழுத்துப் போட மட்டும் அவர்களை யாரும் அழைக்கவில்லை. விதி விதிதான், அவர்கள் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிகள் அல்லவே!