வனவாசத்துக்கு முன்பதிவு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளைக் கொண்ட பவுண்டரி வாட்டர்ஸ் என்னும் காப்புக்காட்டில், கனூ எனப்படும் துடுப்புப் படகில் முதன்முறையாகச் சென்று கூடாரமடித்து மீன் பிடிக்க விரும்புவோர், கட்டற்ற இயற்கையை நாடும் அப்பயணத்தைப் பனிமூடிய ஜனவரியில் கணினித் திரையின் முன் தொடங்குவதே மரபு. ஏனெனில் மே முதல் செப்டம்பர் வரை இரவு தங்குவோருக்கான அனுமதிச் சீட்டுகள் நுழைவிடம்தோறும் எண்ணியே வழங்கப்படுகின்றன. ஒரு குழுவில் 9 பேருக்கும் 4 படகுகளுக்கும் மேல் கூடாது என்பதால், தனிமையின் உச்சவரம்பும் விதிப்படி தெளிவாகவே உள்ளது.

திட்டமிடுவோர் கண்ணுக்கு வரைபடத்தின் நீலம் மட்டுமே தெரிகிறது. ஏரிகளுக்கிடையே படகையும் மூட்டைகளையும் சுமந்து கடக்கவேண்டிய போர்ட்டேஜ் என்னும் காட்டுப்பாதைகளின் நீளம், 16.5 அடி கொண்ட ராட் என்னும் பழைய அளவையில் குறிக்கப்படுவதால், 160 ராட் என்பது அரை மைல் என்ற உண்மை தோளில் படகு ஏறிய பின்னரே விளங்குகிறது. சுமையை இரண்டு நடையாகக் கொண்டுசெல்பவர் அதே பாதையை மும்முறை நடந்தாக வேண்டும் என்னும் எளிய கணக்கு (திரும்பிவருவதும் நடைதானே), மடக்கு நாற்காலியும் இரும்பு வாணலியும் பட்டியலில் ஏறும்போது எவருக்கும் தோன்றுவதில்லை.

உணவுத் திட்டமோ இன்னும் துணிச்சலானது: தகர டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ அடைத்த உணவைக் கொண்டுசெல்லத் தடை இருப்பதால், இரண்டாம் நாள் இரவுக்கு நேரே வால்ஐ மீன் என்று எழுதி, அந்தி மங்கலில் இரைதேடும் அம்மீனைப் பொரிக்க எண்ணெயும் மாவும் நிறுத்து எடுத்துவைக்கப்படுகின்றன. மீன்பிடி உரிமமும் முறைப்படி வாங்கப்படுகிறது. இத்தீர்மானத்தின் நகல் மீனுக்கு மட்டும் அனுப்பப்படுவதில்லை.