கூச்சக்கார ஓவியருக்குச் சில புத்திமதிகள்

தம்பி, மூலையில் உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் படம் போட்டால் மட்டும் போதுமா? போடுகிற கையை ரீல்ஸில் காட்ட வேண்டும். மூஞ்சியைக் காட்டினால் இன்னும் விசேஷம். படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் பில் வாட்டர்சனைப் பார்த்துக் கெட்டுப்போகாதே. 1985-இல் 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' என்ற பத்திரிகைக் காமிக்ஸ் தொடரைத் தொடங்கினார். கால்வின் என்றொரு வால் பையன், அவனுடைய பொம்மைப் புலி ஹாப்ஸ். ஊரே கொண்டாடியது. பிழைக்கத் தெரிந்தவர் என்றால் புலிப் பொம்மை, பனியன், காபிக் கோப்பை என்று கடை விரித்திருப்பார். இவரோ பொம்மைப் புலியைப் பொம்மையாக்கவே கூடாதென்று விநியோக நிறுவனத்தோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி ஜெயித்தார்! 1995 டிசம்பர் 31-ஆம் தேதி, பேரும் புகழும் உச்சியில் இருக்கும்போதே, தொடரை முடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அதன்பின் பேட்டி என்பதே அத்திப்பூ.

2014-இல் பிரான்சின் ஆங்குலேம் காமிக்ஸ் விழா அவருக்குத் தன் பெரும் பரிசைத் தந்தது. அடுத்த வருட விழாவுக்கு ஒரு போஸ்டர் வரைந்து அனுப்பினார், ஆள் வரவில்லை. பொன்னாடை, குத்துவிளக்கு, குழு போட்டோ எல்லாம் தெரிந்த நம் ஆட்களுக்கு இது எப்படி வலிக்கும்! அதே 2014-இல் இன்னொரு காமிக்ஸ் ஓவியரான ஸ்டீபன் பாஸ்டிஸின் தொடரில் மூன்று நாள் ரகசியமாகப் படம் போட்டார். விஷயம் வெளியே வந்தது வேலை முடிந்த பிறகுதான். முன்னோட்டம் இல்லை, டீசர் இல்லை.

அவர் கடை விரிக்க மறுத்தும் அமெரிக்கக் கார்களின் பின்கண்ணாடியில் கால்வின் ஒன்றுக்குப் போகும் ஸ்டிக்கர்கள் ஏராளம். எல்லாம் திருட்டு அச்சு; வரைந்தவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.