ஏழாம் பிரிவேளையும் ஒரு சீவாளியும்

பெறுநர்: தாளாளர் அவர்கள், என் மகள் படிக்கும் பள்ளி.
பொருள்: மாணவர்களைப் பண்பாட்டு வேர்களோடு இணைத்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

கட்டண ரசீதில் 'பாரம்பரிய இசைப் பயிற்சி – ரூ.1,500' என்று பார்த்ததும் நெகிழ்ந்துபோனேன். கால அட்டவணையிலும் வெள்ளிக்கிழமை ஏழாம் பிரிவேளைக்கு நேராக 'இசை' என்றே இருக்கிறது. அந்த நேரத்தில் கணக்கு ஆசிரியர் வருகிறார் என்று மகள் குறைப்பட்டாள். நான்தான் அதட்டினேன். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அதுவும் கணக்குதானே?

ஆண்டு விழாவன்று உங்கள் பண்பாட்டுப் பற்றை நேரிலேயே கண்டேன். சிறப்பு விருந்தினரை வரவேற்க நாதஸ்வரமும் தவிலும் வாசலில் நின்றன. அவருடைய கார் ஒன்றரை மணி நேரம் தாமதம். கலைஞர்கள் வெயிலில் நின்றே வாசித்தார்கள். கார் வந்தது, அவர்கள் போனார்கள். உள்ளே இறைவணக்கம் பென் டிரைவிலிருந்து ஒலித்தது. நாதஸ்வரக்காரருக்கு மேடையும் மரியாதையும் கேட்டு வாங்கியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1956-இல் அவர் மறைந்துவிட்டார் என்பதால்தானே அவர்களை மறுபடி வாசலுக்கு அனுப்பினீர்கள்?

ஆனாலும் அன்று ஒரு வகுப்பு நடந்தது. நாதஸ்வரப் பெரியவர் குழலின் ஊதும் முனையான சீவாளியைக் கழற்றி வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற என் மகள், "தாத்தா, அதை ஏன் சப்புறீங்க?" என்று கேட்டுவிட்டாள். "காஞ்சா பேசாதும்மா. இது கொறுக்கைத் தட்டை, நம்ம ஆத்தங்கரைச் சரக்கு" என்று அவள் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். குழலில் விரல் வைக்கும் துளை ஏழு, அடியில் மெழுகு வைத்துச் சுதி சரிசெய்யும் துளை ஐந்து என்று எண்ணச் சொன்னார். தவில்காரரும் விரல் கூடுகளைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். இரண்டே நிமிடம்தான். வரிசை கலைந்ததற்காக டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்தது. கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன்.

பண்பாட்டுச் சுற்றுலா என்று பிள்ளைகளைப் பெங்களூரு கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனீர்கள். நம் கும்பகோணத்திலிருந்து ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மர உத்திரத்தைக் கடைந்து அங்கே நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ராட்டினம் இல்லாததால் உங்கள் பட்டியலில் இடம் பெறவில்லை போலும்.

பகடி போதும் ஐயா. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஏழாம் பிரிவேளையைத் திருப்பித் தாருங்கள். அந்தப் பெரியவரின் கைபேசி எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் வர அவருக்குச் சம்மதம்தான். உரிய சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். வகுப்புக்குள் ஒரு நாற்காலியும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை